அஸ்திவாரக் குழியில் முதுமக்கள் தாழி: இயந்திரத்தை நிறுத்துவது முதல் மண்ணை மூடுவது வரை

தமிழ்நாட்டில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ, கண்மாய் தூர்வாரும்போதோ, சாலையை அகலப்படுத்தும்போதோ இறந்தோரை அடக்கம் செய்த பெரிய மண்பானையான ஈமத்தாழி (முதுமக்கள் தாழி) வெளிப்படுவது அப்படியொன்றும் அரிய நிகழ்ச்சி இல்லை. தாமிரபரணி, வைகை, நொய்யல் போன்ற ஆறுகளின் கரையோர மேடுகளில் இரும்புக்கால மக்கள் தங்கள் ஊரை ஒட்டியே இடுகாட்டையும் அமைத்தார்கள். நீர் ஏறாத அந்த மேடுகள் பிற்காலத்தில் பெரும்பாலும் தரிசாகவும் புறம்போக்காகவும் மேய்ச்சல் நிலமாகவும் கிடந்தன. இப்போது மனைப்பிரிவும் கல்குவாரியும் தேடி வருவது அதே நிலங்களைத்தான். இந்த வழிகாட்டி நில உரிமையாளர், கட்டடப் பொறியாளர், மேஸ்திரி, இயந்திர ஓட்டுநர், ஊராட்சிப் பொறுப்பாளர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தாழி வெளிப்பட்ட பிறகான முதல் இரண்டு மணி நேரத்தில் இவர்கள் செய்வதும் செய்யாமல் விடுவதும்தான் பின்னால் வரும் ஆய்வாளருக்கு என்ன மிஞ்சும் என்பதை முடிவு செய்கின்றன.

ஏன் இத்தனை அழுத்தம் என்பதற்கு, தாமிரபரணிக் கரையிலுள்ள பழைய இடுகாடான ஆதிச்சநல்லூரின் கதையே போதும். 1876-இல் அங்கே தோண்டிய ஜெர்மானியரான டாக்டர் ஜாகோர், கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-இல் தொடங்கி தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அதே மேட்டில் அகழ்ந்து, பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்புக் கருவிகளுமாக எண்ணற்ற பொருள்களை எடுத்துப் பட்டியலிட்டார். ஆனால் அந்தப் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் ஆண்டுக் கணக்கு கிடைக்காது. கரிமக் காலக்கணிப்பு என்ற முறையே அன்று பிறந்திருக்கவில்லை. 2004–05-இல் இந்தியத் தொல்லியல் துறை சத்தியமூர்த்தி தலைமையில் அங்கே மீண்டும் அகழ்ந்து 160-க்கும் மேற்பட்ட தாழிகளை வெளிக்கொண்டு வந்தபோது எடுத்து வைத்த கரிம மாதிரிகள்தான் கி.மு. 905, கி.மு. 696 என்ற காலங்களைத் தந்தன. அதுவும் 2019-இல்தான் வெளிவந்தது. பொன் பட்டம் சொல்லாத செய்தியை, எந்தக் குழியில் எந்த ஆழத்தில் எடுத்தது என்ற குறிப்போடு காத்து வைத்த ஒரு சிட்டிகைக் கரி சொன்னது.

தோண்டுவதற்கு முன்பே கேட்டறிய வேண்டியவை

அடங்கல், புலப்பட நகல், ஊர்ப் பெரியவர்களின் நினைவு ஆகிய மூன்றும் பல சமயம் முன்கூட்டியே எச்சரித்துவிடும். தாழிமேடு, தாழிக்காடு போன்ற நிலப்பெயர்கள் வெறும் பெயர்களாக இருப்பதில்லை. மலையடிவாரங்களில் உள்ள கற்பலகை ஈமச்சின்னங்களை மக்கள் குரங்குப்பட்டடை, பாண்டவர் வீடு, பாண்டவர் குழி என்று அழைப்பதுண்டு. மதமதக்கத் தாழி என்ற பெயர் வழங்கும் ஊர்களில், மிகவும் மூப்படைந்து சுருங்கிய கிழவர்களை உயிரோடு பானையில் வைத்துச் சோறும் நீரும் கொடுத்தார்கள் என்ற கதையும் கூடவே வழங்கும். கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. தாழிகளில் குழந்தைகளின் எலும்புகளும் இளம் வயதினரின் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. ஆனால் அந்தக் கதை எந்த இடத்தைக் காட்டிச் சொல்லப்படுகிறது என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும்.

மனையை ஒருமுறை நடந்து பார்ப்பதும் நல்லது. மழைக்குப் பிறகு மேற்பரப்பில் உள்ளே கறுத்தும் வெளியே சிவந்தும் பளபளக்கும் ஓடுகள், விரல் பருமனுக்கு மேல் தடித்த செந்நிற ஓடுகள், வட்டமாகப் பதிந்த கற்கள் ஆகியவை தென்பட்டால் தொல்லியல் துறைக்கு முன்னதாகவே எழுதிக் கேட்டுவிடலாம். மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட தொல்லிடம் அருகில் இருந்தால் அங்கே தனிச் சட்டம் உண்டு: 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானம் தடைசெய்யப்பட்டது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற்றே கட்ட முடியும்.

முதல் படி: இயந்திரத்தை நிறுத்துங்கள், பின்னோக்கி எடுங்கள்

தடித்த ஓடு உடைபடும் ஓசையோ, குழியின் பக்கச்சுவரில் வட்டமான வாய்விளிம்போ, செம்மண்ணுக்கு நடுவே திடீரெனக் கறுத்த வட்டமோ தெரிந்தவுடன் ஜேசிபியை நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்துவிடலாம் என்ற ஆசைக்கு இணங்கக் கூடாது. தாழிகள் பெரும்பாலும் தனியாக இருப்பதில்லை. ஒன்று தெரிந்தால் அடுத்தது ஓரிரு மீட்டரில் இருக்கும், இயந்திரம் நிற்பதே அதன் மேலாகவும் இருக்கலாம். ஆகவே வந்த தடத்திலேயே இயந்திரத்தைப் பின்னோக்கி எடுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே அள்ளிக் கொட்டிய மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பிவிடாமல் தனிக் குவியலாக ஒதுக்கி, குழியின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று எழுதிய அட்டையை அதன் மேல் வையுங்கள். அந்த மண்ணைப் பின்னர் சலித்தால் மணிகளும் பற்களும் கிடைக்கும்.

இரண்டாம் படி: என்ன வெளிப்பட்டிருக்கிறது என்று அறிதல்

புகார் நகரின் இடுகாட்டுப் பகுதியான சக்கரவாளக் கோட்டத்தை வருணிக்கும்போது மணிமேகலைக் காப்பியம், சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியிற் கவிப்போர் என இறந்தோரை அடக்கும் ஐந்து முறைகளைச் சொல்கிறது. ஒரே ஊரில் ஒரே காலத்தில் பல வழக்கங்கள் இருந்திருக்கின்றன என்பதால், தாழி இல்லையே என்று எண்ணி மற்றவற்றைப் புறக்கணிக்கக் கூடாது. தாழி என்பது ஏறத்தாழ இடுப்பளவு உயரம் வரை வரக்கூடிய, அடி கூம்பிய, தடித்த சுவருடைய செந்நிறப் பானை. கழுத்தைச் சுற்றிக் கயிறு ஒட்டியது போன்ற அலங்காரம் பலவற்றில் உண்டு. வாயைக் கிண்ணம் போன்ற மூடியோ கற்பலகையோ மூடியிருக்கும். ஈமப்பேழை நீளவாக்கில் தொட்டி போல இருக்கும், கீழே வரிசையாகக் குட்டைக் கால்கள் இருக்கும். சென்னையை ஒட்டிய பல்லாவரத்தில் ரீ கண்டெடுத்தது இந்த வகையே. நான்கு பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் போட்ட அறை மண்ணுக்குள் இருந்தால் கற்பதுக்கை, தரைக்கு மேல் இருந்தால் கல்திட்டை. வட்டமாகக் கற்களை அடுக்கியது கல்வட்டம். அதன் நடுவே பெரும்பாலும் தாழியோ பதுக்கையோ இருக்கும்.

குழப்பம் தரும் இரண்டைச் சொல்லிவிட வேண்டும். சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது உறைகிணறு. அது அடியில்லாமல் கீழே போய்க்கொண்டே இருக்கும். வீட்டுத் தரைமட்டத்தில் பதித்த தானியக் குதிரில் எலும்பும் படையல் கலங்களும் இராது. இவை இரண்டும் வாழிடத்தின் அடையாளங்கள் என்பதால் இவற்றுக்கும் தகவல் சொல்லியே ஆக வேண்டும்.

துணி, ஆணி, சவப்பெட்டிப் பலகை, பிளாஸ்டிக், மயிர் போன்றவை எலும்போடு தெரிந்தால் நடைமுறையே வேறு. அப்போது முதலில் அழைக்க வேண்டியது காவல் நிலையத்தை. பழமையானதா புதியதா என்ற ஐயம் எழும்போதும் காவல்துறைக்குச் சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

மூன்றாம் படி: காத்தல், பதிவு செய்தல்

ஈர மண்ணில் நூற்றாண்டுகளாக இருந்த ஓடு வெயில் பட்டவுடன் வெடிக்கும், எலும்பு பொருக்குப் பொருக்காக உதிரும். எனவே வெளிப்பட்ட பகுதியை முதலில் சுத்தமான பருத்தித் துணியால் மூடி, அதன் மேல் அதே இடத்து மென்மண்ணைச் சிறிது தூவி, தார்ப்பாயால் நிழல் அமையுங்கள். பிளாஸ்டிக் தாளை நேரடியாகப் போர்த்தினால் உள்ளே நீர் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலமாக இருந்தால் குழியைச் சுற்றி வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்பிவிட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவுவது, கம்பியால் குத்திப் பார்ப்பது, தாழிக்குள் இருக்கும் மண்ணைக் கையால் வாரி வெளியே போடுவது ஆகிய மூன்றையும் யாரும் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரிசல் விட்ட தாழி சிதறாமல் நிற்பதே உள்ளே இறுகிய அந்த மண்ணின் பலத்தால்தான். எலும்பை வெறுங்கையால் தொட்டால் தொட்டவரின் மரபணு அதில் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு படம் எடுங்கள். முதலில் தொலைவிலிருந்து, பக்கத்து மரமோ மின்கம்பமோ சுவரோ தெரியும்படி ஒன்று. அடுத்து குழி முழுவதும் தெரியும்படி நான்கு திசைகளிலிருந்தும். கடைசியாக அருகிலிருந்து, அளவுகோலோ ஒரு பத்து ரூபாய் நாணயமோ பக்கத்தில் வைத்து. கைப்பேசியில் இருப்பிடப் பதிவை இயக்கிவிட்டு எடுத்தால் ஆயத்தொலைவும் படத்தோடு பதிவாகும். தரைமட்டத்திலிருந்து தாழியின் வாய் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்பதை நாடாவால் அளந்து, அப்போதே நாள், நேரத்தோடு எழுதிவையுங்கள். படங்களை உடனே சமூக ஊடகத்தில் போடாமல் இருப்பது நல்லது. தாழிக்குள் தங்கம் இருக்கிறது என்ற வதந்தி பரவ ஓர் இரவு போதும். விடியும்போது உடைந்த ஓடுகள்தான் இருக்கும். ஆதிச்சநல்லூரின் பொன் பட்டங்கள் உண்மையே என்றாலும், பெரும்பாலான தாழிகளில் உள்ளவை எலும்பு, சிறு பானைகள், துருப்பிடித்த இரும்பு, சில மணிகள் ஆகியவை மட்டுமே. திருடனுக்கு அவற்றால் பயன் ஏதுமில்லை.

நான்காம் படி: தகவல் சொல்லுதல்

முதல் தகவல் கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் போகட்டும். அவர்கள் வழியாக மாவட்ட ஆட்சியருக்குச் செல்லும். அதே நாளில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலருக்கோ அருகிலுள்ள அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கோ நேரடியாகவும் சொல்லலாம். வாய்ச்சொல்லோடு நில்லாமல் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் கிராமம், புல எண், கண்டெடுத்த நாள், என்ன பணியின்போது கிடைத்தது, எத்தனை பொருள்கள், அவை இப்போது எங்கே யார் பொறுப்பில் உள்ளன என்பவை இருந்தால் போதும்.

இது நல்லெண்ணத்தால் செய்யும் உதவி என்று நினைப்பவர்கள் உண்டு. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இதைக் கடமையாக்கியிருக்கிறது. மண்ணுள் மறைந்திருந்த மதிப்புள்ள எந்தப் பொருளும் அந்தச் சட்டத்தின் பார்வையில் புதையலே. அதன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அதே சட்டம், உரிமை கோருவோர் எவரும் இல்லை என்று முடிவானால் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பங்கும், அரசு அப்பொருளை எடுத்துக்கொண்டால் அதன் மூலப்பொருள் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்த தொகையும் தருகிறது. இந்தப் பகுதியைத் தொழிலாளர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது, பொருள் கைமாறிப் போவதைத் தடுக்கும் வழிகளில் ஒன்று.

உரிமையாளரின் அச்சம் வேறு: நிலமே போய்விடுமோ என்று தூக்கம் கெடும். ஒரு தாழி கிடைத்ததாலேயே நிலம் அரசுக்குப் போய்விடுவதில்லை. ஓரிடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிப்பது தனி நடவடிக்கை. மத்தியச் சட்டத்தின்படி அதற்கு முன்னறிவிப்பு வெளியிட்டு, மறுப்புத் தெரிவிக்க இரண்டு மாதம் தர வேண்டும். பெரும்பாலான சிறு மனைகளில் மீட்பு அகழாய்வு முடிந்ததும் கட்டுமானம் தொடர்கிறது.

ஐந்தாம் படி: அகழாய்வு எப்படி நடக்கிறது

கள ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் செய்வது தோண்டுவது அன்று, அளப்பது. மாறாத ஒரு புள்ளியைத் தேர்ந்து அதிலிருந்து எல்லா ஆழங்களையும் கணக்கிடுவார்கள். நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்துக் கயிறு கட்டி எண் கொடுப்பார்கள். சதுரங்களுக்கு இடையே தோண்டாத மண்சுவரை விட்டுவைப்பார்கள். அந்தச் சுவரின் வெட்டுமுகத்தில்தான் எந்த அடுக்கிலிருந்து குழி வெட்டப்பட்டு, தாழி இறக்கப்பட்டு, எந்த மண்ணால் மூடப்பட்டது என்பது தெரியும். மேலேயுள்ள உழவு மண், நடுவேயுள்ள குழிநிரப்பு மண், கீழேயுள்ள இயற்கைச் செம்மண் ஆகியவற்றின் நிறமும் இறுக்கமும் வெவ்வேறாக இருக்கும். பழகிய கூலியாளின் கை கரண்டியின் சத்தத்திலேயே அதை உணரும் என்பது களத்தில் நிற்கும் எவரும் ஒப்புக்கொள்ளும் செய்தி.

தாழியை அடைந்ததும் வேகம் பல மடங்கு குறையும். முதலில் வெளிப்புறம்: தாழியைச் சுற்றி வைத்த கலங்களும் இரும்புப் பொருள்களும் அசையாமல் சுத்தம் செய்யப்பட்டு, அளந்து வரையப்படும். பிறகு மூடி. அது உள்ளே உடைந்து விழுந்திருந்தால் ஒவ்வொரு ஓடும் விழுந்த நிலையிலேயே வரையப்பட்ட பின்தான் எடுக்கப்படும். உள்மண்ணைச் சில சென்டிமீட்டர் அடுக்குகளாக எடுத்து, ஒவ்வோர் அடுக்கையும் தனிப் பையில் போட்டு எண் இடுவார்கள். எலும்பைச் சுற்றி இரும்புக் கருவிகளைப் பயன்படுத்தாமல் மூங்கில் குச்சியும் மென்தூரிகையும் கொண்டே மண்ணை நீக்குவார்கள். இரும்பு கீறிய கோடு, பிற்பாடு வெட்டுக்காயம் என்று தவறாகப் படிக்கப்படலாம்.

இந்த மெதுவான வேலையின் பயன் ஒரு கேள்வியில் தெளிவாகும். உடல் முழுமையாகத் தாழியில் வைக்கப்பட்டதா, அல்லது வேறெங்கோ கிடந்து தசை நீங்கிய பின் எலும்புகள் மட்டும் திரட்டி வைக்கப்பட்டனவா? கை, கால் விரல்களின் சிற்றெலும்புகள் மூட்டோடு மூட்டாகப் பொருந்தி இருந்தால் முதலாவது. மண்டையோடும் நீண்ட எலும்புகளும் மட்டும் கட்டாகக் கிடந்தால் பெரும்பாலும் இரண்டாவது. எலும்புகளை வாரி ஒரு பெட்டியில் போட்டுவிட்டால் இந்தக் கேள்விக்கு எவராலும் விடை சொல்ல முடியாது.

வெளியே எடுத்த மண் சலிக்கப்படும். ஒரு பகுதி தண்ணீரில் கரைக்கப்படும். கருகிய தானியமும் விதையும் மேலே மிதந்து வரும், மெல்லிய வலையில் அவற்றை அரித்தெடுப்பார்கள். பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், ஈமச்சின்னம் ஒன்றில் நான்கு கால் சாடிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. அதே ஈமச்சின்னத்தில் புரிமனை (கலத்தைத் தாங்கும் வளையம்) ஒன்றில் பழந்தமிழ் எழுத்தான தமிழி பொறிக்கப்பட்டிருந்ததால் எழுத்தின் காலமும் பின்னோக்கிப் போனது. சிவகளையில் தாழி ஒன்றுக்குள் இருந்த நெல்லுக்குக் கிடைத்த கி.மு. 1155 என்ற காலம் 2021-இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. நெல் எந்தக் கலத்தில், எதன் பக்கத்தில் இருந்தது என்ற பதிவு இல்லாதிருந்தால் இரண்டும் வெறும் பழைய நெல்தான்.

தாழியை முழுமையாகத் தூக்க வேண்டியிருந்தால் வெளிப்புறத்தைத் துணிப்பட்டையால் வரிந்து, தேவைப்பட்டால் பாரிஸ் சாந்து பூசி, அடியில் பலகை செருகி, மண்ணோடு சேர்த்தே பெட்டியில் இறக்குவார்கள். உள்ளே இருப்பதை ஆய்வகத்தில் நிதானமாகத் திறக்கலாம்.

ஆறாம் படி: ஆய்வகம்

கரித்துண்டுகளைக் கையால் தொடாமல் அலுமினியத் தாளில் பொதிந்து அனுப்பினால், கரிமம்-14 எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பதிலிருந்து காலம் கிடைக்கும்; அதன் பாதி சிதைய ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் ஆகின்றன. கரி கிடைக்காத இடத்தில், வெளிச்சம் புகாத குழாயை வெட்டுமுகத்தில் அடித்து இறக்கி எடுத்த மண்ணைக் கொண்டு, மணல்துகள் கடைசியாக எப்போது ஒளியைக் கண்டது என்று கணிக்கிறார்கள். குழாயைத் திறந்து எட்டிப் பார்த்தால் மாதிரி வீணாகிவிடும்.

எலும்பு பேசும் செய்திகள் வேறு வகை. பல் முளைப்பும் தேய்மானமும் வயதையும், இடுப்பெலும்பின் வடிவம் ஆணா பெண்ணா என்பதையும், தொடையெலும்பின் நீளம் உயரத்தையும் சொல்லும். நம்முடைய வெப்பமான மண்ணில் மரபணு எளிதில் சிதைந்துவிடுவதால், காதின் உட்பகுதியைச் சூழ்ந்த கெட்டியான எலும்பும் பல்லின் வேரும்தான் நம்பிக்கை தருகின்றன. கீழடியின் இடுகாடாகக் கருதப்படும் கொந்தகையில் 2020 முதல் கிடைத்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆய்ந்து வருகிறது; அங்கே கிடைத்த மண்டையோடுகளைக் கொண்டு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் உருவாக்கிய முகங்கள் 2025-இல் வெளியாயின. லண்டனில் லிவர்பூல் தெரு நிலையத்துக்காக 2015-இல் அகழப்பட்ட பழைய இடுகாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவற்றுள் சிலவற்றின் பற்களிலிருந்து 1665-ஆம் ஆண்டுப் பெருங்கொள்ளைநோயின் கிருமி அடையாளம் காணப்பட்டது.

ஏழாம் படி: எலும்புகளை என்ன செய்வது

இந்தப் படியை நம் ஊர் நடைமுறை போதுமான அளவுக்கு எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் கருத்து. தாழிக்கு அருங்காட்சியகம் உண்டு. தாழிக்குள் இருந்த மனிதருக்கு ஒரு அட்டைப்பெட்டியும் எண்ணும் மட்டுமே. நியூயார்க்கில் 1991-இல் கூட்டரசின் 34 மாடி அலுவலகக் கட்டடத்துக்குத் தோண்டியபோது, 1794 வரை புழங்கிய ஆப்பிரிக்கர் இடுகாடு வெளிப்பட்டது. அடிமைகளாகவும் விடுதலை பெற்றோராகவும் வாழ்ந்த அந்த மக்களின் எலும்புகள் அவசரமாக எடுக்கப்படுவதைக் கண்டு நகரின் கறுப்பின மக்கள் போராடினார்கள்; 1992-இல் அகழ்வு நிறுத்தப்பட்டது, கட்டடத்தின் ஒரு பகுதி கைவிடப்பட்டது. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பிளேக்கி தலைமையில் ஆய்வு நடந்து முடிந்தபின், 419 பேரின் எச்சங்களும் 2003-இல் அதே இடத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. 2006-இல் அவ்விடம் தேசிய நினைவுச்சின்னமானது. அங்கே வழித்தோன்றல்கள் கேட்டார்கள். மூவாயிரம் ஆண்டுப் பழைய தாழிக்கு உரிமை கொண்டாட எவரும் வரமாட்டார்கள் என்றாலும், ஊர் மக்களைக் கூட்டி என்ன கிடைத்தது, எங்கே கொண்டுபோகப்படுகிறது, எப்போது பார்க்கலாம் என்று சொல்வதற்கு ஒரு பகல்பொழுது போதும். ஆதிச்சநல்லூரில் தாழிகளை இருந்த இடத்திலேயே கண்ணாடிக்குக் கீழே பார்க்கும் வகையில் 2023-இல் கள அருங்காட்சியகம் அமைத்தது நல்ல முன்மாதிரி.

எட்டாம் படி: வேலையை மீண்டும் தொடங்குதல்

தொல்லியல் துறையின் எழுத்துமூல இசைவு வந்த பிறகே இயந்திரம் திரும்ப வேண்டும். மீதமுள்ள பகுதியைத் தோண்டும்போது பற்களுள்ள கரண்டியை மாற்றித் தட்டையான விளிம்புள்ள கரண்டியைப் பொருத்தி, சிறு சிறு அடுக்குகளாக மண்ணைச் சீவச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டே இருக்கட்டும். மேலும் தாழிகள் இருப்பது தெரிந்து அவற்றை எடுக்காமல் விட முடிவானால், பொறியாளரோடு பேசி அந்தப் பகுதியை முற்றமாகவோ தோட்டமாகவோ விட்டுவிடலாம், அல்லது ஆழமில்லாத அடித்தள வடிவமைப்புக்கு மாறலாம். அங்கே வேரோடும் மரங்களை வைக்க வேண்டாம்.

குழியை மூடும்போது தாழியின் மேல் முதலில் சலித்த மணலை ஒரு சாண் உயரத்துக்கு நிரப்பி, நீர் புகவிடும் துணிவிரிப்பைப் பரப்பி, அதன் பிறகே பழைய மண்ணைத் தள்ளுங்கள். அந்த இடத்தை வீட்டு வரைபடத்தில் அளவோடு குறித்து, ஒரு நகலைப் பத்திரத்தோடு வையுங்கள். இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து அந்த வீட்டை இடித்துக் கட்டுபவர், கழிவுநீர்த் தொட்டியை எந்தப் பக்கம் தோண்டக் கூடாது என்பதை அதைப் பார்த்துத்தான் அறிவார்.